பக்கத்தில் இருந்தோரை மறவாத பாடகர்

களனி கங்கை கடலோடு கலக்கும் மட்டக்குளியில், வெள்ளிக்கிழமை மாலைகளில் நாங்கள் சிலர் கூடிப் பாடுவது வழக்கம். சுருதிப்பெட்டி ஒன்று, மிருதங்கம் ஒன்று, பாடுவோர் ஐவர். சென்ற வாரம் பாடி முடிந்ததும் வந்திருந்தோர் என்னைப் பாராட்டினர். மகிழ்வுடன் வீடு திரும்பினேன். வாசலை அடைந்த பின்னரே, மிருதங்கம் வாசித்த பெரியவரிடம் ஒரு வார்த்தையும் பேசாது வந்துவிட்டது நினைவுக்கு வந்தது. நான் தாளம் தவறிய இரண்டு இடங்களிலும் பிறர் அறியாவண்ணம் என்னைத் தாங்கிக்கொண்டவர் அவரே. அன்றிரவு என் உள்ளத்தில் வந்து நின்றவர் செம்பை வைத்தியநாத பாகவதர்.

பாலக்காட்டை அடுத்த செம்பைக் கிராமத்திற் பிறந்த அவர், தந்தையார் அனந்த பாகவதரிடமே இசை பயின்றார். இளமையில் சகோதரர் சுப்பிரமணியத்துடன் இணைந்து பாடினார். ஒலிபெருக்கி இல்லாத நாளிலும் கடைசி வரிசை வரை எட்டிய வெண்கலக் குரல் அவருடையது. ஆயினும், அக்குரலின் பெருமையைத் தமக்கே உரியதென அவர் எண்ணினாரல்லர். பாலக்காடு மணி ஐயர் சிறுவராயிருந்தபோதே தம் கச்சேரிகளில் வாசிக்கச் செய்து உலகறிய வைத்தார்.

பழநி சுப்பிரமணிய பிள்ளை இடக்கையால் மிருதங்கம் வாசிப்பவர். வலந்தலை சபையை நோக்கி இருக்கவேண்டுமாயின், அவர் பாடகரின் இடப்புறம் அமர வேண்டும். பிடில் வாசிப்பவர் வலப்புறம் மாற வேண்டும். இதற்கு இசையாதோர் பலர். அதனால் அரிய கலைஞர் ஒருவர் ஒதுங்கி நிற்க நேர்ந்தது. பாகவதரோ அவரை விரும்பி அழைத்து, மேடையின் வழக்கத்தை அவர்பொருட்டு மாற்றி அமைத்தார். உடன் வாசிப்பவர் மனம் வாடினால் பாட்டும் வாடும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

1951ஆம் ஆண்டு சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது அவரை அடைந்தது. அதையடுத்த காலத்திலேயே, கேரளத்தில் ஒரு கச்சேரியின் நடுவே அவர் குரல் அடைத்துப்போயிற்று. குரலே வாழ்வாகிய ஒருவருக்கு அதனினும் பெருந்துன்பம் யாது? குருவாயூரப்பனை வேண்டினார், சிகிச்சையும் பெற்றார். குரல் மீண்டது. மீண்ட குரலைக் கடனாகவே கருதினார் போலும். கச்சேரிகளால் ஈட்டிய பொருளில் பெரும்பகுதியைக் குருவாயூர்க் கோயிலுக்கே அளித்தார். ஆண்டுதோறும் குருவாயூர் ஏகாதசியின்போது இசைவாணர் பலரை அங்கே கூட்டிப் பாடச் செய்தார். 1974 அக்டோபர் 16இல், ஆலயம் ஒன்றிற் பாடிய பின் அவர் உயிர் பிரிந்தது. அவர் பெயரால் குருவாயூரில் இன்றும் இசைவிழா நிகழ்கிறது. பேர்பெற்றோரும் புதியோரும் ஒரே மேடையில் பாடுகின்றனர்.

நேற்று வெள்ளிக்கிழமை. வழக்கத்திற்கு முன்னரே சென்று, பெரியவரின் மிருதங்கத்தை நானே எடுத்து வைத்தேன். பாடி முடிந்ததும், வந்திருந்தோர் பக்கம் திரும்புமுன் அவர் பக்கம் திரும்பிக் கைகூப்பினேன். அவர் நாணத்துடன் புன்னகைத்தார். அடுத்த பாட்டில் சுருதியும் லயமும் அன்றுபோல் என்றும் இணைந்ததில்லை.