கொல்லைப்புறத்தில் நின்று காட்டைப் பேசியவர்: மா. கிருஷ்ணன்

மரம் வளர்ப்போம், ஆற்றைக் காப்போம், பூமியை நேசிப்போம். நம் பள்ளிச் சுவர்களிலும் பொது மண்டபங்களிலும் இப்படிப்பட்ட வாசகங்களுக்குப் பஞ்சமில்லை. படிக்கிறோம், தலையாட்டுகிறோம், கடந்து போகிறோம். சுற்றுச்சூழலைப் பற்றிப் பொதுமக்களிடம் எப்படிப் பேசினால் அது மனத்தில் தங்கும் என்பது இன்று பலரையும் குடையும் கேள்வி. பயிலரங்கும் விளம்பரப் படமும் இல்லாத காலத்தில், பேனாவையும் கேமராவையும் மட்டும் நம்பி ஏறத்தாழ அரை நூற்றாண்டு இந்த வேலையைச் செய்த தமிழர் ஒருவர் இருந்தார். அவர்தான் இயற்கை எழுத்தாளர் மா. கிருஷ்ணன். கெடாவின் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் வாழும் நாமும் அவரிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

மாதவையாவின் கடைக்குட்டி

கிருஷ்ணன் 1912 ஜூன் 30-ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் அவரே கடைசி. தந்தை அ. மாதவையா, தமிழின் தொடக்க கால நாவல்களில் ஒன்றான ‘பத்மாவதி சரித்திர’த்தை எழுதியவர். அரசாங்க உத்தியோகத்திலிருந்து முன்கூட்டியே ஓய்வு பெற்று, மயிலாப்பூரில் வீடு வாங்கி, ‘பஞ்சாமிர்தம்’ என்ற தமிழ் இதழை நடத்தினார். 1925 அக்டோபரில், பட்டப் படிப்பில் தமிழ் கட்டாயப் பாடமாக வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில் பேசிய கையோடு அங்கேயே சரிந்து உயிர் விட்டார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது 13. அதன்பின் மூத்த அக்காள் லட்சுமிதான் அவரை வளர்த்தார்.

அன்றைய மயிலாப்பூர் இன்றைய மயிலாப்பூர் அல்ல. வீட்டைச் சுற்றிப் புதர்க்காடு, அதில் பறவைக் கூட்டம். நரியும் மானும்கூட நடமாடிய காலம். சிறுவன் கிருஷ்ணன் ஒரு கீரிப்பிள்ளையை வளர்த்தான். பிற்காலத்தில் காட்டைப் பற்றி அவர் எழுதிய அனைத்துக்கும் இந்தக் கொல்லைப்புறம்தான் முதல் பள்ளிக்கூடம்.

1927-இல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். தாவரவியல் பேராசிரியர் ஃபைசனோடு நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சென்று செடி கொடிகளை நேரில் கண்டார். பேராசிரியரின் மனைவியிடம் நீர்வண்ண ஓவியம் கற்றார். ஆனால் தேர்வில் சிறப்பாகத் தேறவில்லை. அண்ணன் மா. அனந்தநாராயணன் பின்னாளில் சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி வரை உயர்ந்தார். தம்பிக்கோ படித்து முடித்த பின்னும் நிலையான வேலை கிடைக்கவில்லை. சிறு தமிழ் இதழ்களுக்குக் கட்டுரை எழுதியும் கேலிச்சித்திரம் வரைந்தும் காலம் ஓட்டினார்.

1942-இல் பெல்லாரிக்கு அருகிலுள்ள சந்தூர் சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. அங்கே ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மன்னரின் அரசியல் செயலாளர் என்று பல பொறுப்புகளை வகித்தார். ஓய்வு கிடைத்த போதெல்லாம் குன்றுகளில் அலைந்தார், ஆடு மேய்த்துப் பார்த்தார், கடிதம் சுமக்கப் புறாக்களை வளர்த்தார். ஆடு மேய்ப்பவனுக்கும் மாடு ஓட்டுபவனுக்கும் மண்ணைப் பற்றி என்னவெல்லாம் தெரியும் என்பதை அவர் ஏட்டில் படிக்கவில்லை, கூட நடந்து தெரிந்துகொண்டார்.

46 ஆண்டு, ஒரே பத்தி

சந்தூர் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்ததும் கிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பினார். மறுபடி உத்தியோகம் தேடிப் போகவில்லை. மயிலாப்பூரில் எளிய வீடொன்றில் இருந்துகொண்டு எழுத்தையும் புகைப்படத்தையும் மட்டுமே நம்பிப் பிழைத்தார். 1950-இல் கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் ‘கண்ட்ரி நோட்புக்’ என்ற பத்தியைத் தொடங்கினார். இரு வாரத்துக்கு ஒருமுறை வந்த அந்தப் பத்தி 46 ஆண்டுகள் நிற்கவே இல்லை. 1996 பிப்ரவரி 18-ஆம் நாள் அவர் காலமானார். கடைசிப் பத்தி அச்சாகி வெளிவந்ததும் அதே நாளில்தான்.

அவர் எழுதத் தொடங்கிய காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். காட்டு விலங்கு என்றால் வேட்டைப் பொருள், சுட்டவர் வீரர் என்ற எண்ணம் அப்போது பரவலாக இருந்தது. இந்தியாவில் சிவிங்கிப்புலி அற்றுப்போய்விட்டதாக 1952-இல் அறிவிக்கப்பட்டது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-இல். புலிகள் காப்புத் திட்டம் தொடங்கியது 1973-இல். சட்டம் வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கும் முன்பே, காப்பி குடித்தபடி நாளிதழ் புரட்டும் சாதாரண வாசகரின் மனத்தைப் பண்படுத்தியவர்களில் கிருஷ்ணன் முக்கியமானவர்.

பேசிய விதம்

அவர் எழுத்து நெடுங்காலம் படிக்கப்பட்டதற்குக் காரணங்கள் உண்டு. முதலாவது, வாசகர் இருக்கும் இடத்திலிருந்தே அவர் தொடங்கினார். யானையையும் புலியையும் பற்றி அவரால் எவ்வளவோ எழுத முடியும், எழுதவும் செய்தார். ஆனால் காகம், அணில், மைனா, பல்லி, தேரை, தெருவில் போகும் எருது ஆகியவற்றுக்கும் அதே மரியாதை தந்தார். 1961-இல் வந்த அவர் நூலின் பெயரே காட்டையும் கொல்லைப்புறத்தையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்வது. சன்னலுக்கு வெளியே இருக்கும் அணிலை உற்றுப் பார்க்கப் பழகியவருக்குத்தான் காணாத காட்டின் மீதும் அக்கறை பிறக்கும்.

இரண்டாவது, தான் கண்டதை எழுதினார். படங்களைத் தானே வரைந்தார், தானே எடுத்தார். பல கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தனக்கென ஒரு கேமராவை உருவாக்கிக்கொண்டார். எடுத்தவை கறுப்பு வெள்ளைப் படங்கள். விலங்கைப் பார்த்து ‘ஐயோ பாவம்’ என்று உருகும் எழுத்து அல்ல அவருடையது. அது என்ன தின்கிறது, எங்கே தூங்குகிறது, எதற்கு அஞ்சுகிறது என்று துல்லியமாகச் சொன்னார். சொல்லி முடிக்கும்போது, அது இல்லாமல் போனால் எது குறையும் என்பது வாசகருக்குத் தானாகவே விளங்கிவிடும்.

மூன்றாவது, அந்தந்த மண்ணுக்குரியதைப் பேசினார். வெளிநாட்டு மரங்களைச் சாலையோரத்திலும் காட்டிலும் கொண்டுவந்து நடுவதை விடாமல் எதிர்த்தார். ஒரு நாட்டின் கோயிலும் இலக்கியமும் எப்படி அதன் சொத்தோ, அப்படியே அதன் மரமும் விலங்கும் என்பது அவர் வாதம். மரம் நட்டோம் என்று கணக்குக் காட்டினால் போதாது, என்ன மரம், எந்தப் பறவைக்கு அதில் இரை என்றும் பார்க்க வேண்டும். தமிழிலும் அவர் நிறைய எழுதினார். அக்கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்து ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற நூலாகக் கொண்டுவந்தார்.

நான்காவது, விடாப்பிடி. இரு வாரத்துக்கு ஒன்று என்றால் 46 ஆண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள். ஒரு நாள் விழாவோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. 1968-இல் ஜவகர்லால் நேரு ஆய்வு நல்கை பெற்றுத் தென்னிந்தியக் காடுகளின் பாலூட்டிகளை ஆராய்ந்தார். பத்மஸ்ரீ விருதும் பெற்றார். இந்திய வனவிலங்கு வாரியத்தில் நெடுங்காலம் உறுப்பினராக இருந்தார். அரசாங்கக் குழுவில் இருக்கிறோம் என்பதற்காகத் தவறு கண்ட இடத்தில் அவர் வாயை மூடிக்கொள்ளவில்லை.

நம் மண்ணில் எப்படிப் பேசுவது?

கிருஷ்ணனின் வழியில் கெடாவைப் பார்ப்போம். செம்பனைத் தோட்டங்களில் கம்பத்தின் மேல் பெட்டி பொருத்தியிருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அது கூகை எனப்படும் ஆந்தைக்கான கூடு. செம்பனைக் குலையைக் கடித்து நாசமாக்கும் எலிகளே அதன் முக்கிய இரை. குஞ்சு வளர்க்கும் ஒரு ஜோடி, ஓராண்டில் நூற்றுக்கணக்கான எலிகளைத் தின்றுவிடும். எலி குறைந்தால் எலி மருந்தும் குறையும். மருந்து குறைந்தால் அதைக் கையால் எடுத்து வைக்கும் தொழிலாளிக்கும் நல்லது, தோட்டத்து நாய் பூனைக்கும் நல்லது.

ஆனால் நம்மவர் பலர் அந்தப் பறவைக்கு வைத்திருக்கும் பெயர் சாவுக்குருவி. அது அலறினால் வீட்டில் சாவு விழும் என்று கல்லெடுத்து எறிபவர் இன்றும் உண்டு. மலாய்க்காரர்கள் அதே பறவையை நெற்களஞ்சியத்தின் பெயரால் ‘புங்கோக் ஜெலாபாங்’ என்று அழைக்கிறார்கள். நாட்டின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்ற மாநிலத்தில் வாழும் நமக்கு, அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம்! பறவைகளை நேசிப்போம் என்று நூறு பதாகை கட்டுவதைவிட, இந்த ஒரு கூகையின் கதையை ஒரு லயத்தில் சொன்னால் அதன் பலன் அதிகம்.

ஆற்றுக்கும் இதே முறைதான். உலு மூடா காடு என்றால் பலருக்கு எங்கோ தாய்லாந்து எல்லைப் பக்கம் இருக்கும் இடம். அங்கே பெய்யும் மழைதான் மூடா, பெடு, ஆனிங் அணைகளில் சேர்கிறது. அந்த நீர்தான் கெடா சமவெளியின் நெல் வயலுக்குப் பாய்கிறது. மூடா ஆறுதான் கெடா மக்களுக்கும் பினாங்கு மக்களுக்கும் குடிநீர் தருகிறது. காட்டைக் காப்போம் என்றால் கேட்பவருக்கு அது யாருடைய வேலையோ என்று தோன்றும். காலையில் நீங்கள் அரிசி கழுவிய தண்ணீர் அந்தக் காட்டிலிருந்து வந்தது, அங்கே மரம் வெட்டினால் ஆறு கலங்கும், வறட்சியில் குழாய் காயும் என்றால் சமையற்கட்டில் நிற்கும் அம்மாவுக்கும் விளங்கும்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் இளைஞர் மன்றத்தினரும் ஆலய நிர்வாகத்தினரும் அடுத்த முறை பதாகை எழுத உட்காரும்போது இதை முயன்று பார்க்கலாம். பொதுவான கட்டளையை விட்டுவிட்டு, உங்கள் தோட்டத்தில் வாழும் ஒரே ஓர் உயிரைத் தேர்ந்தெடுங்கள். மீன்கொத்தியாகவோ உடும்பாகவோ செண்பகமாகவோ இருக்கட்டும். மாணவர்களை ஒரு வாரம் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். என்ன தின்கிறது, எங்கே கூடு கட்டுகிறது என்று அவர்கள் கண்டதைத் தமிழில் எழுதி, அவர்களே வரைந்த படத்தோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். இரு வாரம் கழித்து அடுத்த உயிருக்குப் போங்கள். ஓராண்டில் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களை அந்தப் பிள்ளைகள் பெயர் சொல்லி அடையாளம் காட்டுவார்கள்.