ஆரூடம் அல்ல, முன்னறிவிப்பு

வடகிழக்குப் பருவமழைக் காலம் தொடங்கிவிட்டால் நம் நாளிதழ்களில் தவறாமல் இடம்பெறும் செய்தி ஒன்று உண்டு: துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்பது அது. அந்தக் கூண்டை நேரில் பார்த்தவர்கள் நம்மில் மிகச் சிலரே. உயர்ந்த கம்பத்தில் பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பும் வெள்ளையுமான விளக்குகளும் ஏற்றப்படும். அவை தொங்கும் வரிசையைக் கொண்டு 1 முதல் 11 வரையிலான எண்ணைக் கடலோடிகள் அறிந்துகொள்வர். இவ்வாறு கூம்பையும் உருளையையும் கம்பத்தில் ஏற்றிக் காட்டும் முறையை 1861-இல் பிரிட்டனின் துறைமுகங்களில் கொண்டுவந்தவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய். சார்லஸ் டார்வின் பயணம் செய்த பீகிள் கப்பலின் தலைவர் என்றே உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது.

பொருளாதாரப் பேராசிரியராகப் பணியாற்றிய எனக்கு அவர்பால் ஈடுபாடு வந்ததற்குக் காரணம் ஒரு சொல். விலைவாசி, விளைச்சல், வளர்ச்சி விகிதம் ஆகியவற்றை முன்கூட்டி மதிப்பிடும் முறைகளை நான் வகுப்பில் நடத்தும்போதெல்லாம், இதற்கும் கிளி ஜோசியத்துக்கும் என்ன வேறுபாடு என்று யாரேனும் ஒரு மாணவர் கேட்பார். வகுப்பே சிரிக்கும், நானும் சிரிப்பேன். ஆனால், கேள்வி நியாயமானது. அதற்கு விடை தேடப் போய்த்தான் ஃபிட்ஸ்ராயின் வாழ்க்கையை நான் படிக்க நேர்ந்தது. அதே கேள்வியை அவர் தம் வாழ்நாளின் இறுதிவரை எதிர்கொண்டார். சிரித்துக் கடந்துபோக அவரால் இயலவில்லை.

1805-ஆம் ஆண்டு ஜூலை 5 அன்று இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், அரச வம்சத் தொடர்புள்ள பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர் ஃபிட்ஸ்ராய். பன்னிரண்டு வயதில் போர்ட்ஸ்மவுத் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தார். 1828-இல், தென்னமெரிக்கக் கடற்கரையை அளந்துகொண்டிருந்த பீகிள் கப்பலின் தலைவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அந்தக் கப்பல் ஃபிட்ஸ்ராயிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று.

பொறுப்பேற்ற சில வாரங்களிலேயே, 1829 ஜனவரி இறுதியில், லா பிளாட்டா ஆற்று முகத்துவாரத்துக்கு அருகே, அப்பகுதியில் 'பாம்பெரோ' எனப்படும் திடீர்ச் சூறைக்காற்றில் கப்பல் சிக்கியது. பாய்மரங்கள் முறிந்தன, மாலுமிகள் இருவர் கடலில் விழுந்து மாண்டனர். காற்றழுத்தமானி முன்பே இறங்கிக் காட்டியிருந்தது; அதற்கு உரிய மதிப்பைத் தாம் தரவில்லை என்ற உறுத்தல் இளந்தலைவரின் மனத்தில் தங்கிவிட்டது. பிற்காலத்தில் அவர் செய்த பணிகள் அனைத்துக்கும் விதை அந்த இரு உயிர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1831 டிசம்பர் 27 அன்று பீகிள் தன் புகழ்பெற்ற பயணத்தைத் தொடங்கியது. நெடும்பயணத்தின் தனிமையைப் போக்கப் படித்த ஒருவர் துணை வேண்டும் என்று ஃபிட்ஸ்ராய் விரும்பியதால்தான் இளைஞர் டார்வினுக்கு அந்த வாய்ப்புக் கிட்டியது. ஐந்து ஆண்டுகள் ஒரே அறையில் உண்டனர், அடிமை முறை பற்றி ஒருமுறை கடுமையாகச் சண்டையிட்டனர், பின்பு சமாதானமாயினர்.

அந்தப் பயணத்தில் மற்றொரு வரலாற்றுச் செய்தியும் உண்டு. காற்றின் வேகத்தை 0 முதல் 12 வரையிலான எண்களால் குறிக்கும் பியூஃபோர்ட் அளவுகோல், அலுவல்முறையில் முதன்முதலாகப் பயன்பட்டது பீகிளில்தான். தென்றல், வாடை, கொண்டல், கோடை என்று நம் முன்னோர் காற்றைத் திசையால் பெயரிட்டனர். கடலோடிக்குத் திசை மட்டும் போதாது. வலிமையும் தெரிய வேண்டும். ஒருவர் பலத்த காற்று என்று எழுதுவது மற்றொருவருக்கு மிதமான காற்றாக இருந்தால் இருவர் குறிப்புகளையும் ஒப்பிட முடியாது. ஒரு கப்பல் எத்தனை பாய்களை விரிக்க முடிகிறது என்பதைக் கொண்டு காற்றை அளந்தது அந்த அளவுகோல். கப்பல்களின் குறிப்பேடுகள் ஒரே மொழியில் பேசத் தொடங்கின. பொது அளவை இல்லாத இடத்தில் புள்ளியியல் இல்லை என்பதைப் பொருளாதார மாணவர் எவரும் அறிவர்.

ஃபிட்ஸ்ராயின் வாழ்வில் பொருளாதாரம் நேரடியாகக் குறுக்கிட்ட காலமும் உண்டு. 1843-இல் அவர் நியூசிலாந்தின் ஆளுநரானார். அவர் சென்று சேர்வதற்குச் சில மாதங்கள் முன்பு, வைராவ் என்ற இடத்தில் நிலத் தகராறு முற்றிக் குடியேறிகளான ஆங்கிலேயர் 22 பேர் மாவோரிகளால் கொல்லப்பட்டிருந்தனர். விசாரித்த ஃபிட்ஸ்ராய், தவறு குடியேறிகள்மீதே என்று தீர்ப்பளித்தார். தம் இனத்தவரின் வெறுப்பை அது அவருக்குப் பெற்றுத் தந்தது. கருவூலமோ காலி. மேலிடத்து அறிவுறுத்தலை மீறிக் கடன் பத்திரங்களை அச்சிட்டு அவற்றையே நாணயமாகச் செல்லுபடியாக்கினார். சுங்க வரியை நீக்கிவிட்டுச் சொத்தின் மீது வரி விதித்தார். நிதி நிர்வாகம் சீர்பெறவில்லை. 1845-இல் அவர் திருப்பி அழைக்கப்பட்டார். நீதியில் உறுதியும் நிதியில் தடுமாற்றமும் கலந்த ஆட்சி என்பதே என் மதிப்பீடு.

1854-இல் பிரிட்டனின் வர்த்தக வாரியம் அவருக்கு ஒரு சிறு அலுவலகத்தைத் தந்தது. பதவியின் பெயர் வானிலைப் புள்ளியியலாளர். உடன் மூன்று பணியாளர்கள். கப்பல்களிலிருந்து காற்றுக் குறிப்புகளைத் திரட்டித் தொகுத்தால் கடற்பயணம் விரைவாகும், செலவு குறையும் என்பதே அரசு எதிர்பார்த்தது. ஃபிட்ஸ்ராய் அத்துடன் நிற்கவில்லை. ஏழை மீனவர்களின் கிராமங்களுக்குக் காற்றழுத்தமானிகளைக் கிடைக்கச் செய்து, கடலுக்குப் போகுமுன் எவரும் படித்துப் பார்க்கும்படி பொது இடங்களில் பொருத்தச் செய்தார்.

1859 அக்டோபர் 25 இரவு, ஆஸ்திரேலியாவிலிருந்து தங்கத்துடன் திரும்பிய பயணிகளைச் சுமந்துவந்த 'ராயல் சார்ட்டர்' கப்பல், வேல்ஸின் ஆங்கிள்சி கரையோரம் புயலில் சிக்கியது. விடிந்தபோது அது பாறைகளில் மோதிச் சிதறிக் கிடந்தது. கரைக்கு மிக அருகில் 450-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே புயலில் பிரிட்டனைச் சுற்றி மூழ்கிய கப்பல்கள் 133. இறந்தோர் ஏறத்தாழ 800 பேர். புயல் கடந்த பாதையை வரைந்து பார்த்த ஃபிட்ஸ்ராய்க்கு ஓர் உண்மை தெளிவாயிற்று. புயல் நகர்கிறது, தந்தியோ அதைவிட விரைவாக நகர்கிறது. ஓரிடத்தைத் தாக்கிய காற்றைப் பற்றி அடுத்த இடத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிட முடியும்.

கடலோர நிலையங்களிலிருந்து நாள்தோறும் காலையில் வெப்பமும் காற்றழுத்தமும் காற்றின் திசையும் தந்தி வழியே லண்டன் வந்து சேரும் ஏற்பாட்டை உருவாக்கினார். ஒரே நேரத்தில் பல இடங்களில் நிலவும் வானிலையை ஒரே படத்தில் காட்டும் 'சினாப்டிக்' வரைபடம் என்ற பெயரும் அவர் தந்ததே. 1861 பிப்ரவரியில் துறைமுகங்களுக்கான புயல் எச்சரிக்கை தொடங்கியது. கூம்பின் நுனி மேல்நோக்கி இருந்தால் வடக்கிலிருந்தும், கீழ்நோக்கி இருந்தால் தெற்கிலிருந்தும் கடுங்காற்று வரும் என்று பொருள். எழுத்தறியாத மீனவரும் தொலைவிலிருந்தே படிக்கக்கூடிய மொழி அது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று லண்டன் 'டைம்ஸ்' நாளிதழில் அவருடைய முதல் பொது வானிலை அறிவிப்பு வெளியாயிற்று. அதற்கு என்ன பெயரிடுவது என்ற சிக்கல் எழுந்தது. தீர்க்கதரிசனம் என்பதும் ஆரூடம் என்பதும் அவருக்கு ஏற்பில்லை. பஞ்சாங்கக்காரர்களும் குறி சொல்வோரும் வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. முன்யோசனை என்ற பொருளில் ஆங்கிலத்தில் நெடுங்காலம் வழங்கிவந்த 'ஃபோர்காஸ்ட்' என்ற சொல்லை எடுத்து, தரவுகளைத் திரட்டிக் கணித்து அறிவியல் முறையில் எட்டிய கருத்து என்ற புதுப்பொருளை அதற்கு ஏற்றினார். 1863-இல் வெளியான தம் வானிலை நூலிலும் இந்த வேறுபாட்டை அவர் வலியுறுத்துகிறார். இன்று தமிழில் நாம் முன்னறிவிப்பு என்று சொல்வது அந்தப் பொருளில்தான். என் வகுப்பறைக் கேள்விக்கான விடை அதில் அடங்கியிருந்தது. ஆரூடம் தன் வழிமுறையைச் சொல்லாது. பிழைத்தால் பொறுப்பும் ஏற்காது. முன்னறிவிப்போ தன் கணக்கைக் காட்டிவிட்டு, பிழைபடவும் கூடும் என்று ஒப்புக்கொண்டே பேசுகிறது.

அந்த நுட்பமான வேறுபாட்டை உலகம் பொருட்படுத்தவில்லை. அறிவிப்புகள் பொதுமக்களிடையே பெரும் வரவேற்பைப் பெற்றன. விக்டோரியா அரசியே கடல் கடக்குமுன் ஆளனுப்பி அவரிடம் வானிலை கேட்டதுண்டு. ஆனால், கணிப்புப் பிழைத்த நாள்களில் நாளிதழ்கள் ஏளனம் செய்தன. கோட்பாடு வலுவாக இல்லாமல் பொதுவெளியில் பேசுவது அறிவியலுக்கு இழுக்கு என்று அறிஞர்கள் சிலர் முகம் சுளித்தனர். கூம்பு ஏறிய நாளில் மீனவர்கள் கரையிலேயே தங்கிவிட்டதால் தம் வருமானம் கெடுகிறது என்று மீன்பிடிப் படகுகளின் முதலாளிகள் முறையிட்டனர்.

அவர் மனத்துள்ளும் ஒரு புயல் இருந்தது. பக்தியில் ஊறிய அவருக்கு, தாம் அழைத்துச் சென்ற இளைஞரே விவிலியத்தின் படைப்புக் கதையை அசைக்கும் நூலை எழுதியது பெருந்துயரம். 1860-இல் ஆக்ஸ்ஃபோர்டில் டார்வினின் கொள்கை குறித்து நடந்த புகழ்பெற்ற விவாதத்தில், விவிலியத்தைக் கையில் ஏந்தி எழுந்து நின்று மன்றாடினார். புயல்கள் பற்றிக் கட்டுரை வாசிக்க அந்நகருக்கு வந்திருந்த அதே மனிதர்தாம் அவர். கேட்கும் திறனும் உடல்நலமும் குன்றின, கைப்பணமும் கரைந்தது. 1865 ஏப்ரல் 30, ஞாயிற்றுக்கிழமை காலை, தம் இல்லத்தில் அவர் தம் வாழ்வை முடித்துக்கொண்டார். வயது 59.

தம் சொந்தச் செல்வத்தில் ஏறத்தாழ 6,000 பவுனைப் பொதுப்பணிக்கே செலவிட்டிருந்தார் என்பது அதன் பின்னரே தெரியவந்தது. குடும்பத்தைக் காக்க நண்பர்கள் நிதி திரட்டினர். டார்வின் 100 பவுன் அளித்தார். கொள்கைப் பகை அந்த நன்றியை அழிக்கவில்லை.

அடுத்த ஆண்டு, ஃபிரான்சிஸ் கால்டன் முன்னின்ற விசாரணைக் குழு, அவருடைய அன்றாட அறிவிப்புகளுக்குப் போதிய அறிவியல் அடிப்படை இல்லை என்று அறிக்கை தந்தது. 1866 டிசம்பரில் முன்னறிவிப்புகளுடன் புயல் எச்சரிக்கையும் நிறுத்தப்பட்டது. அப்போதுதான் துறைமுகங்களிலிருந்து எதிர்ப்புக் குரல் எழுந்தது. கடலோடிகளுக்குக் கோட்பாட்டின் குறை பெரிதாகத் தெரியவில்லை. கம்பத்தில் கூம்பு இல்லாததுதான் தெரிந்தது. ஓராண்டு அளவில் எச்சரிக்கை திரும்பியது; நாளிதழ்களில் பொது முன்னறிவிப்பு மீண்டும் வர 1879 ஆயிற்று. 2002-இல் பிரிட்டனின் கடல் வானிலை அறிவிப்பில் 'ஃபினிஸ்டெர்' என்ற கடற்பகுதி 'ஃபிட்ஸ்ராய்' எனப் பெயர் மாற்றப்பட்டது. வானிலை அறிவிப்பைத் தொடங்கியவரின் பெயரே இன்று அந்த அறிவிப்பில் நாள்தோறும் ஒலிக்கிறது.

இந்தியாவும் அதே பாடத்தைத் தன் துயரத்தின் வழியே கற்றது. 1864-இல் கொல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கியது. 1866-இலும் 1871-இலும் பருவமழை பொய்த்தது. அதன் பின்னரே, 1875-இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை பிறந்தது. சூறாவளியைக் குறிக்க இன்று உலகமே வழங்கும் 'சைக்ளோன்' என்ற சொல்லும் கொல்கத்தாவில் ஹென்றி பிடிங்டன் உருவாக்கியதுதான்.

ஃபிட்ஸ்ராயின் கதையில் ஒரு பொருளாதார உண்மை இருக்கிறது. பொய்த்துப்போன எச்சரிக்கையின் செலவு கண்ணுக்குத் தெரியும்: கரையில் கிடந்த படகு, இழந்த ஒருநாள் வருமானம், விடுமுறை விட்டும் பெய்யாத மழை. பலித்த எச்சரிக்கையின் பயனோ கண்ணுக்குத் தெரியாது. மூழ்காத படகுக்குச் செய்தி இல்லை. இறக்காத மீனவருக்குப் புள்ளிவிவரம் இல்லை. ஆகவே எச்சரிப்பவர்மீது பழி மட்டும் மிஞ்சுகிறது. இந்தக் கணக்கின் ஒருபக்கத்தை மட்டும் பார்த்த சமூகம் ஒரு நல்ல மனிதரை நொறுக்கியது.

அந்தச் செலவை இன்று யார் சுமக்கிறார்கள் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் கிழக்குக் கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்கு நிவாரணம் என்ற ஒரு கொள்கை வேரூன்றியிருக்கிறது. கடலுக்குச் செல்ல வேண்டாம் என்ற எச்சரிக்கையை மதித்துக் கரையில் நின்ற நாள்களின் இழப்பையும் அதே கண்கொண்டு பார்ப்பது முறை. எச்சரிக்கையின் பயன் சமூகம் முழுமைக்கும் உரியது என்றால், அதன் விலையை அன்றாடங்காய்ச்சிகளான மீனவர் மட்டும் செலுத்துவது நியாயமாகாது. விலையைப் பகிர்ந்துகொள்ளும் இடத்தில் எச்சரிக்கைக்கு மதிப்பும் கூடும்.

நம் வானிலை அறிவிப்புகள் எல்லாம் வாய்ப்புள்ளது என்றே முடிகின்றன. மழை பெய்யாத நாளில் அந்தச் சொல்லைக் கேலி செய்வது நமக்கு எளிது. நானும் செய்திருக்கிறேன். ஃபிட்ஸ்ராயைப் படித்த பின்பு என்னால் அது இயலவில்லை. தான் அறிந்ததையும் அறியாததையும் ஒருசேர ஒப்புக்கொள்ளும் நேர்மை அந்தச் சொல்லில் இருக்கிறது.