பனியில் உருண்ட சிவப்புப் பந்து: கிப்ளிங் ஆடிய கோல்ஃப்

பனி கொட்ட ஆரம்பித்தால் கோல்ஃப் மட்டையைக் கட்டி மூலையில் வைத்துவிடுவார்கள். ருட்யார்ட் கிப்ளிங் அப்படி விடுகிற ஆள் இல்லை.

1865-ல் பம்பாயில் பிறந்து, லாகூர் வெக்கையில் பத்திரிகை வேலை பார்த்தவர் அவர். 1892-ல் கரோலைனைக் கல்யாணம் செய்துகொண்டு, மனைவியின் ஊர்ப்பக்கமான அமெரிக்காவின் வெர்மான்ட்டில் குடியேறினார். அங்கே கட்டிய வீட்டுக்கு ‘நௌலாகா’ என்று பெயர். மோக்லியின் காட்டை எழுதியதும் இந்தக் குளிரில் உட்கார்ந்துதான்!

வெள்ளைப் பந்து வெண்பனியில் விழுந்தால் எங்கே போய்த் தேடுவது? பந்துக்குச் சிவப்புச் சாயம் பூசிவிட்டார். ஆனாலும் ஒரு சிக்கல். இறுகிய பனியில் பந்து நிற்காது. சரிவில் வழுக்கிக்கொண்டு இரண்டு மைல் தள்ளி கனெக்டிகட் ஆறு வரைக்கும் ஓடிவிடும் என்று அவரே பின்னாளில் அலுத்துக்கொண்டார். 1894 நவம்பரில் விருந்தாளியாக வந்து அவருக்கு கோல்ஃப் சொல்லிக்கொடுத்தவர், ஷெர்லாக் ஹோம்ஸை உருவாக்கிய ஆர்தர் கோனன் டாய்ல்.

பனி கோல்ஃபைக் கண்டுபிடித்ததே கிப்ளிங்தான் என்பது கொஞ்சம் அதிகப்படி. உறைந்த ஆறுகளின் மேல் டச்சுக்காரர்கள் மட்டையும் பந்துமாக ஆடுவதை 17-ம் நூற்றாண்டு ஓவியங்களிலேயே பார்க்கலாம்.

1896-ல் மச்சினனோடு தகராறு முற்றி, விஷயம் கோர்ட் வரை போனது. குடும்பம் இங்கிலாந்துக்குக் கிளம்பியது. 1899-ல் நியூயார்க் வந்த இடத்தில் அப்பாவுக்கும் மூத்த மகள் ஜோசஃபினுக்கும் நிமோனியா. அவர் பிழைத்தார், வெர்மான்ட்டில் பிறந்த அந்த 6 வயதுக் குழந்தை பிழைக்கவில்லை. 1936-ல் இறக்கும்வரை கிப்ளிங் அமெரிக்கா பக்கம் திரும்பவே இல்லை.