நரம்பின் வழி கண்ட கஹால்

சாந்தியாகோ ரமோன் இ கஹால் 1852ஆம் ஆண்டு மே முதல் நாள் ஸ்பெயின் நாட்டுச் சிற்றூரொன்றில் பிறந்தார். தந்தையார் ஏழைக் குடியில் தோன்றி அரும்பாடுபட்டு மருத்துவரானவர். மகனுக்கோ ஓவியத்திலேயே நாட்டம். சினந்த தந்தையார் அவரை முடிதிருத்துவோரிடமும் காலணி தைப்போரிடமும் வேலைக்கு விட்டார். உழைத்துண்ணும் தொழிலைத் தண்டனையாக்கியது நமக்கு உவப்பன்று. ஆயினும் காலணித் தொழிலிலும் அச்சிறுவர் தேர்ச்சி பெற்றார் என்பதை ஈண்டுக் கூறாமல் விட நமக்கு மனமில்லை.

பின்னர்த் தந்தையாரே இடுகாட்டு எலும்புகளைக் கொண்டு உடற்கூறு கற்பித்தார். எலும்பை வரையத் தொடங்கிய பிள்ளை 1873இல் மருத்துவப் பட்டம் பெற்றார். படை மருத்துவராகக் கியூபா சென்று, மலேரியாவால் நலிந்து திரும்பி, சேமித்த பணத்தில் நுண்ணோக்கி வாங்கினார்.

நரம்பு மண்டலம் முழுதும் ஒரே வலைப்பின்னல் என்பது அந்நாளில் பலர் கொண்ட கருத்து. இத்தாலியரான கோல்கியும் அவ்வாறே கருதினார். அதே கோல்கி கண்டறிந்த வெள்ளிச் சாய முறையைக் கொண்டே, நரம்பணுக்கள் தனித்தனியானவை எனக் கஹால் காட்டினார். அதனை வெளியிட 1888இல் தம் கைப்பொருளிலேயே இதழ் தொடங்கினார். மறு ஆண்டு பெர்லினில் ஜெர்மன் அறிஞர்முன் தம் கண்ணாடித் தகடுகளை வைத்த பின்னரே உலகம் செவிசாய்த்தது. 1906இல் இருவருக்கும் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. அம்மேடையிலும் கோல்கி கஹாலின் கொள்கையை மறுத்தே பேசினார்!

1890இல் கோழிக்கருவின் தண்டுவடத்தில், வளரும் நரம்பிழையின் நுனியில் கூம்பு போன்றதோர் உறுப்பைக் கஹால் கண்டார். அவர் கண்டது உயிரற்ற திசுவில் அசையாது நின்ற கூம்பு. அதிலிருந்தே, அக்கூம்பு வழிதேடிச் செல்வது என்றும், பிற அணுக்கள் சுரக்கும் வேதிப்பொருள்கள் அதனை ஈர்க்கின்றன என்றும் ஊகித்தார். 1934 அக்டோபர் 17இல் அவர் மறைந்தபொழுது அப்பொருள்கள் எவை என எவரும் அறிந்திலர்.

அறுபது ஆண்டுகள் கழித்து, 1994இல் நெட்ரின் என்னும் புரதங்கள் பிரித்தறியப்பட்டன. வழிநடத்துபவர் எனப் பொருள்படும் வடசொல்லின் அடியாகப் பிறந்த பெயர் அது. அப்புரதம் சில நரம்பிழைகளை ஈர்க்கும், சிலவற்றை விலக்கும். அதனை உணரும் ஏற்பியில் மரபுப் பழுது நேர்ந்தால், வலக்கையை அசைக்குங்கால் இடக்கையும் தானே அசையும் நோய் வரக்கூடும் என 2010இல் கண்டனர். மூக்கின் நரம்புக்கு வழிகாட்டும் அனோஸ்மின் என்னும் புரதம் குறைபடின் மணம் அறியும் திறன் இல்லாது போகும். பருவமடைதலைத் தூண்டும் அணுக்களும் அந்நரம்பின் வழியே மூளையைச் சேர்வன ஆதலின், பருவமும் தடைப்படும்.

அறுபட்ட தண்டுவட இழைகள் சிறிது துளிர்த்துப் பின் நின்றுவிடுவதையும் கஹால் கண்டு எழுதியுள்ளார். அவ்வாறு தடுக்கும் புரதங்களுள் ஒன்றான நோகோ 2000இல் அறியப்பட்டது. அதனை அடக்கும் மருந்துகள், தண்டுவடம் முறிந்து நடை இழந்தோரிடம் சோதிக்கப்பட்டுள்ளன.