பன்னிரண்டு வயதில் தொடங்கிய குடி

பாலாவிச் சந்தியில் திரும்பி, கற்பிட்டி வீதி வழியாகத் தலவில புனித அன்னம்மாளின் திருநாளுக்கு நீங்களும் போயிருப்பீர்கள். மார்ச்சிலும் ஆகஸ்டிலும் அந்த மணல்வெளி எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மரநிழலெங்கும் கூடாரம், அடுப்புப் புகை, பக்கத்தில் கடலிரைச்சல். தாய்மார் அன்னம்மாளின் சுரூபத்தைத் தொட்டு என்ன கேட்கிறார்கள் என்பது நம் காதில் விழுவதில்லை. ஆனாலும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வருகிற ஒருத்தியைக் கண்டால், மகன் குடிக்கிறான் போலிருக்கிறது என்று பக்கத்தில் நிற்பவள் ஊகித்துவிடுகிறாள். அவள் வீட்டிலும் அதே கதையாக இருக்கக்கூடும்.

இப்படி ஒரு தாய்க்கு மகனாக இருந்த ஒருவரைப் பற்றித்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அவர் குருவுமல்ல, துறவியுமல்ல. மரக்காலையில் மூட்டையும் பலகையும் சுமந்த கூலித்தொழிலாளி. பெயர் மத்தேயு டால்பட்.

அயர்லாந்தின் டப்ளின் நகரிலே, 1856ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் திகதி, பன்னிரண்டு பிள்ளைகள் கொண்ட ஏழைக் குடும்பத்தில் இரண்டாவது பிள்ளையாக அவர் பிறந்தார். தந்தை சார்ள்ஸ் துறைமுகத் தொழிலாளி, குடிப்பழக்கம் உள்ளவர். தாய் எலிசபெத் வீட்டு வேலை செய்து குடும்பத்தைத் தாங்கியவள். மத்தேயு பள்ளிக்கூடத்துக்குப் போனது கொஞ்சக் காலந்தான். அதிலும் ஒளித்துத் திரிகிற பையன் என்று பள்ளிப் பதிவேட்டிலேயே குறிப்பு எழுதப்பட்டது. பன்னிரண்டு வயதில் அவனை வேலைக்கு அனுப்பினார்கள். எங்கே தெரியுமா? பியரைப் போத்தலில் அடைக்கிற ஒரு மதுக் கம்பனிக்கு!

போத்தலின் அடியில் மிஞ்சியதைச் சுவைத்துப் பார்த்த பையன், ஓராண்டு போவதற்குள் வெறியோடு வீட்டுக்கு வரத் தொடங்கினான். தகப்பன் அடித்தார். அடித்துவிட்டு, தன் கண்முன்னே இருக்கட்டும் என்று தான் வேலை செய்த துறைமுகப் பண்டகசாலையிலேயே சேர்த்துவிட்டார். நல்லெண்ணந்தான். ஆனால் அந்தப் பண்டகசாலையில் இருந்தது விஸ்கி. பியர் குடித்த பையன் விஸ்கிக்கு மாறினான். இதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. நம்முடைய கரையோரத்திலும் பள்ளியை விட்ட பையனை வாடிக்கோ தோட்டத்துக்கோ அனுப்பிவிட்டு, பிள்ளை கெட்டுப்போகமாட்டான் என்று நிம்மதியாக இருக்கிற தகப்பன்மார் எத்தனை பேர்! அங்கே மாலையானதும் அவன் கையில் முதல் கோப்பையை வைப்பது யார்? அந்நியர் அல்ல, பெரும்பாலும் மாமனோ அண்ணனோதான். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்கக்கூடாது என்று 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. கடைக்காரனைக் கட்டுகிற அந்தச் சட்டம், பாசத்தோடு ஊற்றிக் கொடுக்கிற மாமனை என்ன செய்யும்?

பதினேழு வயதில் மத்தேயு கட்டட வேலைக்கு மாறினார். உழைப்பில் சோம்பல் கிடையாது. ஆனால் சனிக்கிழமை கிடைத்த கூலி திங்களுக்குள் கரைந்துவிடும். கடன் வாங்கினார், காலில் கிடந்த சப்பாத்தையும் அடகு வைத்தார். ஒருநாள் தெருவில் வயலின் வாசித்துப் பிழைத்த ஓர் ஏழையின் வயலினைத் திருடி விற்று அந்தப் பணத்தைக் கூட்டாளிகளோடு குடித்தார். இப்படியே ஏறத்தாழ பதினாறு ஆண்டுகள்.

1884இல் அவருக்கு வயது 28. அந்த வாரம் வேலைக்குப் போகாததால் கையில் காசு இல்லை. சனிக்கிழமை மத்தியானம் கூலி வாங்கிவரும் கூட்டாளிகளில் ஒருவனாவது உள்ளே கூப்பிடுவான் என்று தம்பி ஒருவனோடு மதுக்கடை வாசலில் காத்து நின்றார். காசு இருந்த நாளில் அவர்களுக்கெல்லாம் வாங்கிக் கொடுத்தவர் அவர். ஒவ்வொருவராக வந்தார்கள், தலையசைத்தார்கள், உள்ளே போனார்கள். யாரும் கூப்பிடவில்லை.

அவர் திரும்பி வீட்டுக்கு நடந்தார். அந்நேரத்தில் வெறியில்லாமல் வந்து நின்ற மகனைக் கண்டு தாய் வியந்தாள். மதுவை விட்டுவிடுவதாக வாக்குக் கொடுக்கப் போகிறேன் என்றான் மகன். காப்பாற்ற மனமில்லையானால் போகாதே என்பதுதான் அவள் கொடுத்த பதில். நீங்களும் நானும் என்றால் அந்த நேரம் ஆனந்தக் கண்ணீர் வடித்திருப்போம். பதினாறு ஆண்டு ஏமாந்த தாய்க்கு அது முடியவில்லை. ஆனால் ஆண்டவருடைய துணை கிடைக்கட்டும் என்று வாழ்த்தி அனுப்பினாள். அவர் குளொன்லிப் குருமடத்துக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்து, மூன்று மாதத்துக்கு மட்டும் குடிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தார். மறுநாள் காலை நற்கருணை உட்கொண்டார்.

மூன்று மாதம் என்பதைக் கவனியுங்கள். வாழ்நாள் முழுவதும் என்று அன்றே சொல்லியிருந்தால் முதல் கிழமையிலேயே விழுந்திருப்பார் என்று எனக்குப் படுகிறது. அந்த மூன்று மாதமே பெரும் வேதனையாக இருந்தது. அது முடிந்ததும் வாக்கை நீடித்தார். பின்னர் ஆயுளுக்குமாக அதை ஆக்கிக்கொண்டார். செபத்தை மட்டும் நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு அவர் இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஒரு மாலை ஆசை மிஞ்சி ஒரு மதுக்கடைக்குள் நுழைந்தார். கடைக்காரன் வேலை மும்முரத்தில் அவரைக் கவனிக்கவில்லை. காத்து நின்றவர் மனம் மாறி வெளியேறி, நேரே கோவிலுக்குப் போய்க் கதவு சாத்தும்வரை அங்கேயே இருந்தார். அன்றிலிருந்து சட்டைப்பையில் காசு வைத்துத் திரிவதில்லை என்று முடிவு செய்தார். வேலை முடிந்து கூட்டாளிகள் கூடுகிற நேரத்தில் தூரத்து ஆலயங்களுக்கு நடந்தார். பழக்கத்தை வெல்வதற்கு முன் அந்தப் பொல்லாத மாலைநேரத்தை எதனாலாவது நிரப்ப வேண்டும் என்பது படிப்பில்லாத அந்தத் தொழிலாளிக்குப் புரிந்திருந்தது.

பட்ட கடன்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தார். வயலின்காரரை மட்டும் எவ்வளவு தேடியும் காணமுடியவில்லை. கடைசியில் அவருடைய ஆன்மாவுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கப் பணம் கொடுத்தார்.

பின் வந்த நாற்பது ஆண்டுகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். தினமும் விடியற்காலைத் திருப்பலி. பிறகு மரக்காலை வேலை. 1890இல் பிரான்சிஸ்குவின் மூன்றாம் சபையில் சேர்ந்தார். எழுத்துக்கூட்டிப் படித்த மனிதர் புனித அகுஸ்தினாரின் வாழ்வைத் தேடிப் படித்தார். பலகையே படுக்கை, மரக்கட்டையே தலையணை. 1913இல் டப்ளின் தொழிலாளரின் பெரும் போராட்டத்தின்போது தமக்குக் கிடைத்த உதவிப் பணத்தைப் பிள்ளைகுட்டிக்காரருக்குக் கொடுத்தார். தகப்பன் இறந்தபின் தாயைத் தம்மோடு வைத்திருந்து, 1915இல் அவள் கண்மூடும்வரை பார்த்துக்கொண்டார்.

1925 ஜூன் 7, மூவொரு இறைவன் திருநாள். திருப்பலிக்கு நடந்துபோகும் வழியில், கிரான்பி ஒழுங்கையில் விழுந்து உயிர் விட்டார். அவர் யாரென்று அங்கே எவருக்கும் தெரியவில்லை. மருத்துவமனையில் உடையைக் கழற்றியபோதுதான் உடலைச் சுற்றித் தவத்துக்காக அணிந்திருந்த சங்கிலிகள் தெரிந்தன. அந்தச் சங்கிலியைப் பற்றியே பேசுகிறவர்கள் பலர். எனக்கோ அந்த வயலின்தான் மறக்கவில்லை.

1975 அக்டோபர் 3ஆம் திகதி பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தார்.

அவருடைய நாட்டில் இந்தப் போர் தனிமனிதனோடு நிற்கவில்லை. 1838இல் கப்புச்சின் குரு தியோபால்ட் மத்தேயு தொடங்கிய இயக்கத்தில் இலட்சோப இலட்சம் மக்கள் வாக்குக் கொடுத்தார்கள். 1898இல் இயேசுசபைக் குரு ஜேம்ஸ் கல்லன் திரு இருதயத்தின் பெயரால் ஒரு மதுவிலக்குச் சபையை அமைத்தார். உறுதிபூசுதல் பெறும் பிள்ளைகள் குறித்த வயது வரும்வரை மதுவைத் தொடுவதில்லை என்று பங்கு மக்கள் முன்னிலையில் வாக்குக் கொடுக்கிற வழக்கமும் அங்கே பரவியது. மத்தேயு குடிக்கத் தொடங்கியதும் அந்தப் பிள்ளைகளின் வயதில்தானே!

அவருடைய உடல் 1972இல் டப்ளின் லூர்து அன்னை ஆலயத்துக்கு மாற்றப்பட்டது. பத்தாண்டு கழிந்து, அதே தெருக்களில் ஹெரோயின் புகுந்து எத்தனையோ இளைஞரைக் கொண்டுபோயிற்று. 2018 ஆகஸ்ட் 25ஆம் திகதி, காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் அவ்வாலயத்தின் முன் வந்து நின்றார். போதையால் பிள்ளைகளை இழந்த தாய்மார் இன்றும் அந்தக் கல்லறையருகே வந்து முழந்தாளிடுகிறார்கள்.