மூக்கை மாற்றிக்கொண்ட ஃபேனி... 'க்ளீ' ரேச்சலின் கனவு நாயகி நிஜத்தில் யார்?

'க்ளீ' பார்த்து வளர்ந்த நாலு பேர் ஒரு இடத்துல உட்கார்ந்தா, பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் ரேச்சல் பெர்ரியிடம்தான் வந்து நிற்கும். ஒஹையோ மாநிலத்தின் லைமா என்ற சின்ன ஊர், அங்கே ஒரு மெக்கின்லி ஹைஸ்கூல், அந்தப் பள்ளியில் யாரும் மதிக்காத ஒரு பாட்டுக் குழு. 2009-லிருந்து 2015 வரை ஆறு சீஸன்கள். இத்தனை வருஷம் கழிச்சும் சண்டை மட்டும் ஓயவில்லை. ரேச்சல் சுயநலக்காரியா, இல்லையா? கஷ்டப்பட்டுக் கிடைச்ச பிராட்வே வேஷத்தை அவள் அப்படித் தூக்கிப்போட்டது சரியா? நானும் அந்தச் சண்டையில் பல ராத்திரிகள் கலந்துகொண்டவள்தான்.

ஆனா, அந்த வேஷம் யாருடையது என்று நான் ரொம்ப நாள் யோசித்ததே இல்லை. ரேச்சல் முதல் சீஸன் போட்டியில் அரங்கத்தின் பின்பக்கத்திலிருந்து பாடிக்கொண்டே நடந்து வருவாளே, அந்தப் பாட்டு 'ஃபன்னி கேர்ள்' இசை நாடகத்தில் வருவது. அதைப் பாடிப் புகழ்பெற்றவர் பார்ப்ரா ஸ்ட்ரைசாண்ட். இதுவரை எல்லா ரசிகர்களுக்கும் தெரியும். நாடகத்தின் நாயகி ஃபேனி பிரைஸ் கற்பனைப் பாத்திரம் என்றே என் தோழிகளில் பாதிப்பேர் நினைத்திருந்தார்கள். நானும்தான்.

ஃபேனி நிஜமாகவே வாழ்ந்தவர். அவர் வாழ்க்கையோடு ஒப்பிட்டால் நாடகம் ரொம்பவே சாது!

சலூன்காரர் வீட்டுப் பெண்

1891 அக்டோபர் 29-ம் தேதி நியூயார்க்கில், ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் ஃபேனியா போராக். அம்மா ரோஸ் ஹங்கேரியைச் சேர்ந்தவர். நியூஜெர்சியின் நியூவார்க்கில் குடும்பத்துக்கு மதுக்கடைகள் இருந்தன. அப்பா சார்லஸுக்குச் சீட்டாட்டமும் குடியும்தான் முழுநேர வேலை. கடையைக் கட்டிக் காத்தது அம்மா. ஒரு கட்டத்தில் பொறுத்தது போதும்னு, நாலு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கணவரை விட்டுக் கிளம்பிவிட்டார். இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க. சூதாடிக் கணவரிடமிருந்து துணிச்சலாக வெளியே வந்த அம்மாவின் பெண், பின்னாளில் யாரைக் காதலித்தார் என்பது வேற கதை.

புரூக்ளினில் கீனீஸ் என்றொரு தியேட்டர். புதுமுகங்கள் யார் வேண்டுமானாலும் மேடையேறலாம் என்று அங்கே ஒரு நாள் ஒதுக்கியிருந்தார்கள். பதின்வயதின் தொடக்கத்தில் இருந்த ஃபேனி அங்கே ஏறிப் பாடினார். பரிசும் கிடைத்தது, ரசிகர்கள் வீசியெறிந்த சில்லறையும் கிடைத்தது. அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. ரேச்சலுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு வாத்தியாரும் பாட்டுக் குழுவும் இருந்தார்கள். ஃபேனிக்கு இருந்தது இந்தச் சில்லறைதான்.

அடுத்து கிடைத்தது ஒரு பெரிய அடி. அந்தக் காலத்தில் பிராட்வேயை ஆண்ட ஜார்ஜ் எம். கோஹனின் நாடகத்தில் கோரஸ் பெண்ணாகச் சேர்ந்தார். ஒத்திகையிலேயே வெளியே அனுப்பிவிட்டார்கள். காரணம், ஃபேனிக்கு ஆட வராது. ஒல்லியான நீண்ட கால்கள், அகன்ற வாய், பெரிய மூக்கு என்று, கோரஸ் வரிசையில் நிறுத்த அப்போது தேடிய அழகில் எதுவுமே அவரிடம் இல்லை.

1909-ல்தான் திருப்பம். இசையமைப்பாளர் இர்விங் பெர்லினுக்கு அப்போது 21 வயது, பெரிய பெயரெல்லாம் இன்னும் வரவில்லை. மேடை நடனக்காரியாகப் போய்விட்ட ஒரு யூதப் பெண்ணைக் கிண்டலடிக்கும் பாட்டு ஒன்றை ஃபேனிக்குக் கொடுத்தார். இட்டிஷ் வாடையடிக்கும் ஆங்கிலத்தில் பாட வேண்டும். வேடிக்கை என்னன்னா, ஃபேனி வீட்டில் இட்டிஷ் பேச மாட்டார்கள். பெர்லின் பாடிக் காட்டிய உச்சரிப்பைக் கேட்டு அப்படியே பிடித்துக்கொண்டார். கஞ்சி போட்ட மாலுமி உடையோடு மேடையேறினாராம். அது உடம்பெல்லாம் அரிக்க, அவர் நெளிந்த நெளிப்பையும் சேர்த்து நகைச்சுவை என்றே நினைத்து அரங்கம் சிரித்ததாம். பிறகு அந்த நெளிப்பையே ஃபேனி வைத்துக்கொண்டார். 

மறுவருடமே, அன்றைய அமெரிக்காவின் மிகப் பகட்டான மேடையான 'ஜீக்ஃபெல்ட் ஃபாலீஸ்' அழைத்தது. வயது 18. சம்பளம் வாரம் 75 டாலர். கையெழுத்தான ஒப்பந்தத்தைத் தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் காட்டிக் காட்டியே கிழித்துவிட்டார் என்று ஒரு கதை உண்டு. ஊரிலேயே பேரழகிகளைத் தேடித் தேடி நிறுத்தும் மேடை அது. அங்கே ஒருத்தர் மட்டும் முகத்தைக் கோணிக்கொண்டு நின்றார்... ஜனங்கள் அவரைத்தான் பார்த்தார்கள்.

நிக்கி என்கிற ஆள்

'ஃபன்னி கேர்ள்' ஃபேனிக்கு வாழ்க்கையில் ஒரே காதல், நிக்கி ஆர்ன்ஸ்டீன். கம்பீரமான ஆள். மனைவியின் புகழுக்கு முன்னால் கூசிப்போய், அவசரப்பட்டு ஒரு தப்பு செய்து சிறைக்குப் போகிறவர். பார்க்கிற நமக்கே பாவமாக இருக்கும்.

நிஜம் இப்படி இல்லை. முதலில், நாடகம் சொல்லாத ஒரு கல்யாணம் 1910-லேயே நடந்தது. மாப்பிள்ளை ஃபிராங்க் வைட், ஒரு பார்பர். அது நிலைக்கவில்லை. 1912 வாக்கில்தான் நிக்கி வருகிறார். தொழில்முறைச் சூதாடி, மோசடிக்காரர். போதாததற்கு ஏற்கெனவே திருமணமானவர். ஒட்டுக்கேட்பு மோசடி ஒன்றில் மாட்டி சிங் சிங் சிறையில் 14 மாதங்கள் இருந்தபோது, வாராவாரம் போய்ப் பார்த்தார் ஃபேனி. இது கல்யாணத்துக்கு முன்னால்! நிக்கியின் மனைவி, தன் கணவரைப் பறித்துக்கொண்டதாக ஃபேனி மீது வழக்குப் போட்டார். விவாகரத்து கிடைத்து 1918-ல் கல்யாணம் நடந்தது. 1919-ல் மகள் பிரான்சஸ், 1921-ல் மகன் வில்லியம்.

இடையில் 1920-ல் வெடித்தது பெரிய குண்டு. வால் ஸ்ட்ரீட்டில் சுமார் 50 லட்சம் டாலர் பத்திரங்கள் திருடுபோன வழக்கில் நிக்கி பெயர் அடிபட்டது. ஆள் தலைமறைவு. கைக்குழந்தையோடு இருந்த ஃபேனியைப் பத்திரிகைகள் துரத்தின. சில மாதங்கள் கழித்து நிக்கி சரணடைய வந்த நாளில் நியூயார்க் போலீஸின் அணிவகுப்பு நடந்துகொண்டிருந்தது என்றும், அவர் கார் அந்த அணிவகுப்போடு சேர்ந்து ஐந்தாவது அவென்யூவில் ஊர்ந்தது என்றும் சொல்வார்கள். சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம், இல்லையா?

வழக்குச் செலவு முழுக்க ஃபேனியின் மேடைச் சம்பளத்திலிருந்து போனது. அந்த ஆள் நிரபராதி என்று கடைசிவரை நம்பினார், அல்லது நம்பியதாகக் காட்டிக்கொண்டார். எனக்கென்னவோ அவர் முட்டாளாக இருந்திருப்பார் என்று தோன்றவில்லை. அப்பாவைப் பார்த்து வளர்ந்தவருக்குச் சூதாடியின் கண்கள் எப்படியிருக்கும் என்று தெரியாதா என்ன?

இந்த நேரத்தில்தான் 1921 ஃபாலீஸ் வருகிறது. 'மை மேன்' பாட்டை ஃபேனிக்குக் கொடுத்தார் ஜீக்ஃபெல்ட். பிரெஞ்சு மூலம். அடித்துத் துன்புறுத்தும் ஒருவனை விட முடியாமல் தவிக்கும் பெண்ணின் பாட்டு. அதுவரை ஃபேனி மேடைக்கு வந்தாலே சிரிக்கத் தயாராக உட்காரும் ஜனம். அன்று கிழிந்த உடையோடு ஒரு விளக்குக் கம்பத்தில் சாய்ந்து நின்று, உச்சரிப்புக் கிண்டல் இல்லாமல், முகத்தைக் கோணாமல் பாடினார். நிக்கியின் வழக்கு தினமும் பேப்பரில் வந்துகொண்டிருந்த காலம். யாரை நினைத்துப் பாடுகிறார் என்று அரங்கத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும். அந்த இசைத்தட்டு பின்னாளில் கிராமி ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றது.

இரண்டாவது சீஸனில், தேசியப் போட்டியின் சோலோவுக்கான தேர்வில் ரேச்சல் பாடுவதும் இதே பாட்டுதான். ஃபின்னை நினைத்துப் பாடுவாள். நல்லாத்தான் பாடுவாள், சும்மா சொல்லக் கூடாது. ஆனா, ஃபின் பத்திரம் திருடியவன் இல்லையே!

1924-ல் கேன்சஸ் மாநிலத்தின் லெவன்வொர்த் சிறைக்குப் போனார் நிக்கி. மூன்று வருடங்கள். 1927-ல் வெளியே வந்தவர், மனைவி பிள்ளைகளிடம் தங்கவில்லை. அதே வருடம் ஃபேனி விவாகரத்து வாங்கினார்.

அந்த மூக்கு

'க்ளீ' ரசிகர்கள் அதிகம் சண்டை போடும் எபிசோடுகளில் ஒன்று 2011-ல் வந்தது. நடன ஒத்திகையில் ஃபின்னின் கை பட்டு ரேச்சலின் மூக்கு உடையும். அப்படியே ஆபரேஷன் செய்து அழகாக்கிக்கொள்ளலாமா என்று யோசிப்பாள். நண்பர்கள் அவளை ஷாப்பிங் மாலுக்குக் கூட்டிப்போய், பார்ப்ராவை நினைவுபடுத்தி ஆட்டம் போட்டு மனதை மாற்றுவார்கள். மூக்கு தப்பிக்கும்.

ஃபேனியின் மூக்கு தப்பிக்கவில்லை. 1923-ல் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். பேப்பரில் செய்தியே வந்தது. யூதப் பெண் என்ற அடையாளத்தை அழித்துக்கொள்கிறார் என்ற பேச்சு கிளம்பியது. எழுத்தாளர் டோரதி பார்க்கர் அடித்ததாகச் சொல்லப்படும் கிண்டல் இன்றைக்கும் மேற்கோளாக ஓடிக்கொண்டிருக்கிறது.

அழகாகத் தெரிய ஆசைப்பட்டிருக்கலாம், அதில் என்ன தப்பு? ஆனால், ஃபேனிக்குத் தொழில் கணக்கும் இருந்தது. 30 வயது தாண்டிவிட்டது, ஒரே மாதிரி கோமாளி வேஷம் அலுத்துவிட்டது, சீரியஸான நாடகங்களில் நடிக்க வேண்டும். அதற்கு அந்த முகம் இடைஞ்சல் என்று நினைத்தார். 1926-ல் பெரிய நாடகக்காரர் டேவிட் பெலாஸ்கோ 'ஃபேனி' என்ற பெயரிலேயே ஒரு நாடகம் போட்டார். ஓடவில்லை. 1928-ல் 'மை மேன்' என்றே ஒரு படம், பேசும்படங்கள் தொடங்கிய நேரத்தில் பாதி பேசும்படமாக வந்தது. அதன் முழுப் பிரதி இன்று கிடையாது. மூக்கு மாறியது, வந்த வேஷங்கள் மாறவில்லை.

1964-ல் ஸ்ட்ரைசாண்ட் அந்த வேஷத்தைப் போட்டபோது தன் மூக்கை அப்படியே வைத்துக்கொண்டார். 1968 படத்துக்கு ஆஸ்கரும் வாங்கினார். ரேச்சலின் நண்பர்கள் அந்த மூக்கைக் கொண்டாடித்தான் மாலில் ஆடுகிறார்கள். அந்தக் கதையின் அசல் நாயகி என்ன செய்தார் என்று அவர்களில் ஒருத்தர்கூடச் சொல்வதில்லை.

நாலு வயதுக் குழந்தையாக

1929-ல் பாடலாசிரியரும் தயாரிப்பாளருமான பில்லி ரோஸைக் கட்டிக்கொண்டார். அதுவும் 1938-ல் முறிந்தது. இந்தப் பகுதியை 'ஃபன்னி லேடி' படமே சொல்கிறது, நாம் நகர்வோம்.

ஏன்னா, ஃபேனியை அமெரிக்காவின் ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுபோனது கணவர்கள் இல்லை, 'பேபி ஸ்னூக்ஸ்' என்ற வாண்டு. 1934 ஃபாலீஸ் மேடையில் வந்த இந்தக் குட்டிப்பெண், 1930-களின் பிற்பகுதியில் ரேடியோவுக்குப் போனாள். கேள்வி மேல் கேள்வி கேட்டு அப்பாவைப் பைத்தியமாக்கும் குழந்தை. அப்பாவாகக் குரல் கொடுத்தவர் ஹான்லி ஸ்டாஃபோர்ட். விளம்பரப் படங்களில் குட்டைப் பாவாடையும் தலையில் பெரிய ரிப்பனுமாக நிற்கும் அந்த ஸ்னூக்ஸுக்கு அப்போது 50 வயது! ரேடியோவில் மூக்கைப் பற்றி யாருக்குக் கவலை?

1938-ல் ஜூடி கார்லண்டோடு 'எவரிபடி சிங்' படத்தில் நடித்தார். பாட்டு வகுப்பில் ஜாஸ் பாடியதற்காகப் பள்ளியிலிருந்து விரட்டப்படும் பெண்ணாக ஜூடி, வீட்டு வேலைக்காரியாக ஃபேனி. 'க்ளீ' வருவதற்கு 71 வருடங்கள் முன்னால் வந்த படம். பள்ளிக்கூடப் பாட்டுக் கதை ஃபேனிக்கு அவ்வளவு பழசு.

தன் கதையைப் பிறர் எடுத்தாள்வதை அவர் சும்மா விட்டதும் இல்லை. 1939-ல் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ், பெயரை மட்டும் மாற்றி அவர் வாழ்க்கையைப் படமாக்கியதாக 7,50,000 டாலர் கேட்டு வழக்குப் போட்டார். வெளியே பேசி முடித்தார்கள். நிக்கியும் தன் பங்குக்கு வழக்குப் போட்டார் என்பதுதான் இதில் காமெடி.

இறந்த பிறகு வழக்குப் போட முடியாதே. 'ஃபன்னி கேர்ள்' நாடகத்தைத் தயாரித்தவர் ரே ஸ்டார்க், மகள் பிரான்சஸின் கணவர். மாமியார் கதையை மருமகன் எடுத்தால், மாமனாரை எப்படிக் காட்டுவார்? நாடகம் அரங்கேறியபோது நிக்கி உயிரோடுதான் இருந்தார். நம்மிடம் வந்து சேர்ந்த கம்பீரமான நிக்கி இப்படித்தான் உருவானார். 2022-ல் பிராட்வேயில் மறுபடி போட்டபோது, பாதியில் அந்த வேஷத்தை ஏற்றவர் ரேச்சலாக நடித்த லியா மிஷெல். ரசிகர்கள் கொண்டாடித் தீர்த்தார்கள். அப்போதும் மேடையில் நின்றது மருமகன் தந்த ஃபேனிதான்.

1951 மே மாதக் கடைசியில் ஃபேனிக்கு மூளையில் ரத்தக்கசிவு. மே 29-ம் தேதி ஹாலிவுட்டில் இறந்தார், வயது 59. அன்று ஒரு பேபி ஸ்னூக்ஸ் ஒலிபரப்பு இருந்தது. அதை அஞ்சலி நிகழ்ச்சியாக மாற்றினார்கள். அத்தனை வருடங்கள் அவளிடம் மாட்டிக்கொண்டு தவித்த ரேடியோ அப்பா ஹான்லி ஸ்டாஃபோர்ட், மைக் முன்னால் வந்து அவருக்காகக் கொஞ்ச நேரம் பேசினார். குறுக்கே கேள்வி கேட்க அன்றைக்கு யாரும் இல்லை.