ஸ்கிரிப்ட் இல்லாத சாம்பியன்... யார் இந்த 'கிரேட் காமா'?

ரெஸ்லிங் எல்லாமே செட்டப்புதானே? டபிள்யூ.டபிள்யூ.இ. ரசிகராக இருந்தால் ஒரு தடவையாவது இந்தக் கேள்வியைச் சந்தித்திருப்பீர்கள். வலங்கைமான், கும்பகோணம் பக்கம் டிரம்ப் கார்டில் அண்டர்டேக்கரின் ரேங்க்கை வைத்து விளையாடிய 90ஸ் கிட்ஸுக்கும் சரி, 2025 மார்ச்சில் ஜான் சீனா திடீர்னு வில்லனாக மாறியதைப் பார்த்து ஷாக் ஆன இன்றைய ரசிகர்களுக்கும் சரி, முடிவு முன்கூட்டியே எழுதப்படுகிறது என்பது நல்லாவே தெரியும். தெரிந்தேதான் ரசிக்கிறார்கள்.

ஆனால், யார் ஜெயிப்பார் என்று யாருக்குமே தெரியாமல் மோதியவர்களும் இருந்தார்கள். அவர்களில் பெரிய பெயர், காமா.

பத்து வயதுப் பயில்வான்

இயற்பெயர் குலாம் முகமது பக்ஷ். 1878-ல் பஞ்சாபின் அமிர்தசரஸ் பகுதியில் மல்யுத்தக் குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட, தாத்தாதான் பயிற்சி கொடுத்தார். 1888-ல் ஜோத்பூரில் ஒரு போட்டி. யார் அதிக நேரம் பஸ்கி எடுக்கிறார்கள் என்பதுதான் பந்தயம். 400-க்கும் மேற்பட்ட பயில்வான்கள் கலந்துகொண்டதில், கடைசிவரை தாக்குப்பிடித்த 15 பேரில் ஒருவர் பத்து வயது காமா. வயதைப் பார்த்து அசந்துபோன மகாராஜா, அவரையே வெற்றியாளராக அறிவித்தார். பிறகு ததியா சமஸ்தானம் அவரை ஆதரித்து வளர்த்தது.

லண்டனில் நடந்த போரடிக்கும் சண்டை

1910-ல் காமா லண்டன் போனார். ஐந்தே முக்கால் அடிகூட உயரம் இல்லாத அவரை அங்கே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எந்த எடையாக இருந்தாலும் சரி, மூன்று பேரை 30 நிமிடத்தில் வீழ்த்துகிறேன் என்று சவால் விட்டார். அமெரிக்காவின் பெஞ்சமின் ரோலரை ஈஸியாக மடக்கியதும் லண்டன் திரும்பிப் பார்த்தது.

அடுத்து, செப்டம்பர் 10 அன்று போலந்து வீரர் ஸ்டானிஸ்லாஸ் ஸிபிஸ்கோவுடன் மோதல். ஜெயிப்பவருக்கு 250 பவுண்டும் ஜான் புல் பெல்ட்டும் பரிசு. ஆரம்பத்திலேயே காமா கீழே தள்ள, ஸிபிஸ்கோ குப்புறப் படுத்துக்கொண்டார். அவ்வளவுதான், எழுந்திருக்கவே இல்லை. ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் இதே கதை. பார்க்க வந்தவர்கள் நொந்துபோனார்கள். போட்டி டிரா. ஒரு வாரம் கழித்து மறுபடியும் மோத வேண்டிய நாளில் ஸிபிஸ்கோ வரவே இல்லை. பெல்ட் காமாவுக்குப் போனது.

ஷோ ஆனது எப்படி?

நிஜச் சண்டையின் பிரச்சினையே இதுதான். அது சுவாரசியமாக இருக்கும் என்பதற்கு கேரன்டி கிடையாது. 1920-களில் எட் லூயிஸ், பில்லி சாண்டோ, டூட்ஸ் மாண்ட் என்ற அமெரிக்கக் கூட்டணி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. விறுவிறுப்பான அடிகள், நேர வரம்பு, முன்பே முடிவு செய்த ரிசல்ட்... இன்று திரையில் பார்ப்பதன் அடித்தளம் அதுதான்.

இதிலும் ஸிபிஸ்கோ வருகிறார். 1925 ஏப்ரலில் பிலடெல்பியாவில், இந்தக் கூட்டணி சாம்பியனாக்கி வைத்திருந்த கால்பந்து வீரர் வெய்ன் மன்னிடம் அவர் தோற்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஸிபிஸ்கோ ஸ்கிரிப்டைக் கிழித்துப் போட்டார். நிஜமாகவே சண்டை போட்டு, மன்னைத் திரும்பத் திரும்ப வீழ்த்திப் பட்டத்தைப் பறித்தார்.

அதே ஸிபிஸ்கோ 1928 ஜனவரியில் பாட்டியாலாவில் மறுபடியும் காமா முன் நின்றார். இருவருமே ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். பல்லாயிரம் பேர் திரண்டிருந்தார்கள். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தது. ஜெயித்தவர் காமா. லண்டனில் முடியாமல் இழுத்த சண்டை, இங்கே உட்கார்ந்து பார்ப்பதற்குள் முடிந்துவிட்டது. இன்றைய எந்த புரொமோட்டரும் மெயின் ஈவன்ட்டை இரண்டு விதமாகவும் நடக்க விடமாட்டார்.

கடைசி நாட்கள்

வாழ்க்கை முழுக்க காமா தோற்றதே இல்லை என்பதுதான் அவரது புகழ். ஆனால் களத்துக்கு வெளியே அப்படியில்லை. 1947 பிரிவினையின்போது லாகூரில் இருந்த அவர், தன் பகுதி இந்துக்களைக் காக்கத் துணை நின்றதாகச் சொல்லப்படுகிறது. பயில்வான்களுக்குச் சோறுபோட்ட சமஸ்தானங்களும் அதோடு முடிவுக்கு வந்தன. முதுமையில் நோயும் பணக்கஷ்டமும் சேர்ந்து வாட்டின. எல்லை தாண்டி இந்தியத் தொழிலதிபர் ஜி.டி. பிர்லா உதவினார். 1960 மே 23 அன்று லாகூரில் காமா இறந்தார். 2022-ல் அவரது 144-வது பிறந்தநாளில் கூகுள் டூடுல் வெளியிட்டது.

ரெஸ்லிங் நிஜமா, நடிப்பா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் உடம்பை முதலீடாக வைக்கும் வீரருக்கு எந்தக் காலத்திலும் ஒரு புரவலர் தேவை. காமாவுக்கு அது மகாராஜா. இன்றைய வீரருக்கு ரசிகர். ரசிகரின் கவனம் போய்விட்டால் அவர் கதி என்ன என்பதை எந்த ஸ்கிரிப்டும் எழுதி வைப்பதில்லை.